தளம் போடும் நாள்: முதல்முறை வீடு கட்டுபவருக்கு ஒரு வழிகாட்டி

தளம் போட்டு 20 நாள் ஆன மொட்டை மாடியில் ஏறி, உள்ளங்கையால் தரையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் எதுவும் ஒட்டாவிட்டால் நல்லது. திருநீறு தொட்டதுபோல வெள்ளைத் தூள் ஒட்டினால், அந்தக் கான்கிரீட்டின் மேல்தோலில் வலு இல்லை என்று அர்த்தம்.

என் அக்கா வீட்டு மாடியில் எனக்கு அப்படித்தான் ஒட்டியது. சிமெண்ட் நல்ல சிமெண்ட், கம்பி நல்ல கம்பி, ஜல்லியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெடுத்தது தண்ணீர். காலை 11 மணி வெயிலில் கலவை இறுகுகிறது என்று மெஷின்காரர் கால் வாளி, அரை வாளி எனக் கூடுதலாக ஊற்றியிருக்கிறார். மாலையில் தளத்தின் மேல் தேங்கி நின்ற தண்ணீரைப் போக்க, கொத்தனார் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்திருக்கிறார். மறுநாள் தண்ணீர் கட்ட வேண்டிய நேரத்தில் மோட்டார் பழுது. இரண்டு நாள் தளம் காய்ந்து கிடந்திருக்கிறது.

கட்டட வேலையில் இருக்கும் நான் அன்று வெளியூரில் இருந்தேன். அக்கா அங்கேயேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதைப் பார்க்க வேண்டும், எங்கே தடுக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு சாதாரண வீட்டுக்குத் தளம் போடும்போது, பொறியாளர் இல்லாத நேரத்திலும் வீட்டுக்காரர் தன் கண்ணாலேயே பார்த்துத் தடுக்கக்கூடியவை இவை.

முந்தைய நாள் மாலை

மறுநாள் கெடப்போகும் தளத்தில் பாதி, முந்தைய நாள் சென்ட்ரிங்கிலேயே (கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் தகரம், பலகை, முட்டு) கெட்டுவிடுகிறது. வெளிச்சம் இருக்கும்போதே கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே, பீம் பலகையின் மூலைகளில் வானம் தெரிகிறதா? தெரிகிற ஒவ்வொரு இடத்திலும் நாளைக்குச் சிமெண்ட் பால் ஒழுகும். பால் ஒழுகிப் போனால் அங்கே மிஞ்சுவது மணலும் ஜல்லியும்தான். பிரிக்கும்போது பீமின் அடியில் தேன்கூடு மாதிரிப் பொந்து பொந்தாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அகலமான ஒட்டு நாடாவை வைத்து எல்லா இடுக்குகளையும் அடைக்கச் சொல்லுங்கள்.

தகரத்திலும் பலகையிலும் ஆயில் தடவுவதைக் கம்பி கட்டும் முன்பே முடித்திருக்க வேண்டும். கம்பியில் ஆயில் பட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது. வண்டியிலிருந்து எடுத்த கழிவு ஆயில் வேண்டாம். அது கறையாக நின்றுவிடும், பூச்சும் சரியாக ஒட்டாது. சென்ட்ரிங்குக்கென்றே விற்கும் ஆயிலை மெல்லியதாகத் தடவினால் போதும்.

அப்புறம் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தகரத்தில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை. கம்பிக்கும் தகரத்துக்கும் நடுவே எப்போதும் இடைவெளி இருக்க வேண்டும். தளத்துக்கு 20 மி.மீ. என்பது உள்ளூர்களில் வழக்கம். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் அது போதாது, 30 மி.மீ. அல்லது அதற்கு மேலும் வேண்டியிருக்கும். அங்கே எவ்வளவு இடைவெளி, என்ன கலவை என்பதைப் பொறியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லையோ ஓட்டுத் துண்டையோ சொருகுவதை ஏற்காதீர்கள். ஆள் நடக்கும்போது கல் நழுவும், கம்பி தகரத்தில் படுத்துவிடும். சில வருடம் கழித்து வீட்டுக்குள் சீலிங்கில் கம்பியின் கோடு துருவாகத் தெரியும். பிறகு காரை பெயர்ந்து விழும்.

மேல்கம்பி கீழே அமுங்காமல் தாங்கும் சேர் கம்பிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நாளை ஆட்கள் கம்பியை மிதித்துக்கொண்டு நடக்காமல் இருக்கப் பலகைகள் வேண்டும்.

அன்றிரவே கையில் இருக்க வேண்டியவை: கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு (ஒன்று ஓடும், ஒன்று மாற்றுக்கு), அதற்குப் பெட்ரோல் அல்லது கரண்டுக்கு ஏற்பாடு, மாடி முழுவதையும் மூடும் அளவுக்குப் பிளாஸ்டிக் தாள், டிரம்களில் தண்ணீர். தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருந்தால் கான்கிரீட்டுக்கும் தகும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் முன்கூட்டியே பரிசோதனைக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. உப்புத் தண்ணீரில் போட்ட கான்கிரீட்டில் வெள்ளையாக உப்புப் பூப்பது வெளியே தெரியும். உள்ளே கம்பி துருப்பிடிப்பதுதான் பெரிய நஷ்டம்.

கலவை: ஒன்றரை பெயிண்ட் வாளி

1,000 சதுர அடித் தளத்தை 5 அங்குலக் கனத்தில் போட, பீம் இல்லாமலே ஏறக்குறைய 95 மூட்டை சிமெண்ட் ஆகும். அத்தனை மூட்டைக்கும் ஒரே அளவில் தண்ணீர் ஊற்ற வைப்பதுதான் அன்றைக்கு உங்கள் முக்கியமான வேலை.

வீட்டு வேலையில் வழக்கமான எம்-20 தரக் கலவை 1:1½:3. அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. இந்தக் கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்ச அளவு. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இதற்குள் அடக்கம். சைட்டில் கிடக்கும் பெரிய பெயிண்ட் வாளி 20 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் ஒன்றரை வாளி. அதற்கு மேல் கிடையாது. முந்தின நாள் மழை பெய்து மணல் நனைந்திருந்தால் இன்னும் குறையும். வாளியின் உட்புறத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு மெஷின்காரரிடம் கொடுங்கள். ஓஸ் பைப்பை மெஷின் வாயில் நேராகப் பிடித்து ஊற்றுவதை முதல் சுற்றிலேயே நிறுத்திவிடுங்கள். நாலாவது சுற்றில் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கூடுதல் தண்ணீர் ஏன் கெடுக்கிறது? சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையானதைவிட அதிகமான தண்ணீர் கான்கிரீட்டுக்குள் சும்மா நிற்கும். ஜல்லி கனம் என்பதால் கீழே இறங்க, தண்ணீர் மேலே ஏறிவரும். வரும்போது மெல்லிய சிமெண்டையும் தூசியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்து மேலே ஒரு படலமாக நிறுத்தும். அந்தப் படலம்தான் பிறகு மாவாக உதிர்கிறது. தண்ணீர் ஏறிவந்த வழியெல்லாம் நுண்ணிய துளைகளாக நின்று, மழை நீர் இறங்கும் பாதையாகிறது.

ஈர மணலில் இன்னொரு விஷயம் உண்டு. லேசாக நனைந்த மணல் உப்பி, கொள்ளளவில் கால் பங்குக்குக்கூட அதிகமாகக் காட்டும். பாண்டு (கலவை சுமக்கும் சட்டி) கணக்கில் அளந்து போட்டால் உண்மையில் மணல் குறைவாகப் போகும், கலவை ஜல்லி தூக்கலாக வரும். இதற்கு எவ்வளவு கூட்டுவது என்பதைப் பொறியாளரிடம் அன்று காலையே கேட்டுவிடுங்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) என்று சொல்லி, கல் உடைக்கும்போது விழும் கிரஷர் டஸ்டை இறக்கிவிடுவதும் நடக்கிறது. கையில் ஒரு பிடி அள்ளி உதறிப் பாருங்கள். மாவு மாவாகக் கையில் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். தூசி அதிகமான மணல் அதிகத் தண்ணீர் குடிக்கும். பி-சாண்ட் என்ற மெல்லிய மணல் பூச்சு வேலைக்கானது, கான்கிரீட்டுக்கு வேண்டாம்.

கலவை இளக்கமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லம்ப் கூம்பு ஒன்று வாங்கியோ இரவலாகவோ கொண்டுவரச் சொல்லுங்கள். 300 மி.மீ. உயரமுள்ள தகரக் கூம்பு அது, மேலும் கீழும் திறந்திருக்கும். அதில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, மேலே மட்டமாக வழித்துவிட்டுக் கூம்பை நேராக மேலே தூக்க வேண்டும். கலவைக் குவியல் தன் கனத்தில் மெதுவாக அமுங்கும். கூம்பைப் பக்கத்திலேயே நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து குவியலின் உச்சி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால் முடிந்தது. வீட்டுத் தளத்துக்கு 75 முதல் 100 மி.மீ. இறங்கினால் நல்ல கலவை. தோசை மாவு போலப் பரந்து ஓடினால் அந்தச் சுற்றில் தண்ணீர் மிஞ்சிவிட்டது. ஒருமுறை இதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டால், பிறகு பாண்டில் வரும்போதே கலவை சரியா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

இறுகுகிறது, வேலை ஓடவில்லை என்று சொன்னால் அதற்குத் தண்ணீர் தீர்வு இல்லை. பிளாஸ்டிசைசர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. கேனில் போட்டிருக்கும் அளவில் கலந்தால் அதே தண்ணீரில் கலவை இளகும். ரெடிமிக்ஸ் லாரியில் வந்தாலும் இதே விதிதான்: லாரி டிரம்முக்குள் சைட்டில் தண்ணீர் பிடிக்க விடாதீர்கள். லாரியோடு வரும் பேட்ச் சீட்டில் கலவை ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும்.

போடும்போது

விடியற்காலை 6 மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தால் வெயில் ஏறும் முன் பாதி முடியும். முதல் பாண்டு விழும் முன், தகரத்தின் மேல் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டு, மரத்தூள், பீடித் துண்டு, சாப்பிட்ட இலை எல்லாவற்றையும் கூட்டித் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். சூடான தகரம் கலவையின் தண்ணீரை உறிஞ்சுவதுபோல ஆவியாக்கிவிடும். ஆனால் தகரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கவும் கூடாது.

பூஜை போட்டுச் சூடம் ஏற்றும் மூலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். சரி, ஒரு பாண்டை அங்கே போட்டுவிட்டு, மெஷினிலிருந்து தூரத்தில் இருக்கும் மூலையிலிருந்து பின்னோக்கி வரச் சொல்லுங்கள். புதுக் கான்கிரீட்டைப் பழைய கான்கிரீட்டின் விளிம்போடு சேர்த்துக் கொட்ட வேண்டும். தனித்தனிக் குவியலாகக் கொட்டி, பிறகு வைப்ரேட்டரை வைத்து இழுத்துச் சேர்த்தால் ஜல்லி ஓரிடத்திலும் பால் ஓரிடத்திலும் பிரிந்துவிடும். உயரத்திலிருந்து கொட்டினாலும் இப்படித்தான் ஆகும். 1.5 மீட்டருக்கு மேல் விழ விடக் கூடாது. தூணில்தான் இந்தத் தவறு அதிகம். 10 அடித் தூணை உச்சியிலிருந்து கொட்டி நிரப்பினால் அடியில் பொந்து விழுவது ஏறக்குறைய உறுதி.

வைப்ரேட்டர் பிடிப்பவர் யார் என்பது முக்கியம். பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்த சின்னப் பையன் கையில் அதைக் கொடுப்பார்கள். அனுபவம் உள்ள ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வைப்ரேட்டரின் முனையில் இருக்கும் ஊசியை வேகமாகச் செருகி, மெதுவாக இழுக்க வேண்டும். ஒன்றரை சாண் இடைவெளியில், ஒவ்வோர் இடத்திலும் 5 முதல் 15 விநாடி. குமிழி வருவது நின்று, மேலே லேசான மினுமினுப்பு வந்தால் அடுத்த இடம். தளம் 5 அங்குலம்தான் என்பதால் ஊசியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தலை முழுவதும் உள்ளே அமுங்கும். பீமும் தூணும் சேரும் இடங்களில் கம்பி நெருக்கமாக இருக்கும். அங்கே சிறிய ஊசி வேண்டும், பொறுமையும் வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது பொந்து தென்படும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். அதே சமயம், தண்ணீர் மிஞ்சிய கலவையில் வைப்ரேட்டரை அளவுக்கு மீறிப் பிடித்தால் ஜல்லி அடியில் போய், பால் மட்டும் மேலே நிற்கும்.

டீ நேரம், சாப்பாட்டு நேரம். எல்லோரும் ஒரே நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினால், முக்கால் மணி நேரம் கழித்துப் போடும் கான்கிரீட் வெயிலில் இறுகிய விளிம்போடு ஒட்டாது. அந்தக் கோடு வழியாக மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும். தளம் போட்டவர்களுக்கு விருந்து வைப்பது நல்ல வழக்கம். அதை இரண்டு பந்தியாக வையுங்கள், ஒரு பாதி ஆட்கள் சாப்பிட, மறுபாதி ஆட்கள் வேலையை ஓட்டட்டும். மழையோ மெஷின் பழுதோ வந்து நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், சுவருக்கோ பீமுக்கோ பக்கத்தில் நிறுத்தாமல், அறையின் நடுப்பகுதியில், பலகை வைத்து நேர்க்கோடாக நிறுத்தச் சொல்லிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தேய்க்கும்போது பொறுமை

நீளக் கட்டையால் மட்டம் இழுத்தவுடன் மேலே தண்ணீர் பளபளவென்று கசிந்து நிற்கும். இந்த நேரத்தில் தேய்க்கக் கூடாது. மேற்பரப்பைத் தேய்க்கும் மணியாஸ் கட்டையால் இப்போது தேய்த்தால் அந்தத் தண்ணீர் மேல்தோலுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு தோல் மாவாக உதிரும், அல்லது வடை ஓடு மாதிரித் தகடாகப் பெயரும். பளபளப்பு தானாக மங்கும் வரை காத்திருங்கள். எப்போது தயார் என்று தெரிய ஒரு வழி: ஓரத்தில் காலை ஊன்றிப் பாருங்கள். தடம் கால் அங்குல ஆழத்துக்குத்தான் பதிந்தால் தேய்க்கலாம்.

தண்ணீர் நிற்கிறது என்று வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும், தேய்க்க வசதியாக இல்லை என்று தண்ணீரைத் தெளித்துத் தேய்ப்பதும் இரண்டுமே தவறு. பழைய கொத்தனார்கள்கூட நல்ல எண்ணத்தோடுதான் இதைச் செய்கிறார்கள், வழவழப்பாக வரும் என்று. அன்றைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேல்தோலில் சிமெண்ட் அதிகம், உள்ளே குறைவு என்றால் தோல் மட்டும் தனியாகச் சுருங்கி, சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு விழும். நின்ற தண்ணீரை ஓரமாக இழுத்து வெளியேற்றிவிடுவதே சரி. தளத்துக்குக் கண்ணாடி வழவழப்பு தேவையும் இல்லை. மேலே ஓடு பதிக்கப்போகிறோம், சற்றுச் சொரசொரப்பாக இருந்தால்தான் அது பிடிக்கும்.

மழை வந்தால் உடனே பிளாஸ்டிக் தாளை மூடுங்கள். நனைந்து மணல் தெரிந்த இடத்தில் சிமெண்ட் தூவி மறைக்க வேண்டாம். பலமில்லாத மேல்படலத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

முதல் ஆறு மணி நேரம்

வெயிலுக்குப் பயப்படுகிற அளவுக்கு நாம் காற்றுக்குப் பயப்படுவதில்லை. தென்காசிப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் ஆடிக் காற்றில் தளம் போட்டவர்களுக்கு இது தெரியும். மேலே கசிந்துவரும் தண்ணீரைவிட வேகமாகக் காற்று அதை உலர்த்தினால், இன்னும் இறுகாத கான்கிரீட்டின் மேல்தோல் சுருங்கிக் கிழியும். போட்ட முதல் சில மணி நேரத்திலேயே, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, ஒரு சாண் இரண்டு சாண் நீளத்தில், ஓரம் வரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடும் வெடிப்புகள் அவை. கம்பி போகும் கோட்டிலேயே கட்டம் கட்டமாக வெடித்தால் காரணம் வேறு. கான்கிரீட் கீழே அமுங்கும்போது கம்பி தடுத்ததால் வந்தது, வைப்ரேட்டர் சரியாகப் பிடிக்கவில்லை.

இரண்டையும் கான்கிரீட் இளக்கமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் மருந்து சுலபம்: மணியாஸ் கட்டையால் அழுத்தித் திரும்பத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இறுகிவிட்டால் மூடாது. அதனால் மாலை 4 மணிக்கு எல்லோரும் கைகழுவிக் கிளம்பும்போது நீங்கள் கிளம்பாதீர்கள். ஒரு கொத்தனாரை இருட்டும் வரை இருக்கச் சொல்லி, கூலி சேர்த்துக் கொடுங்கள். காற்று அடிக்கும் பக்கம் சாக்கையோ தார்ப்பாயையோ திரையாகக் கட்டுங்கள். தேய்த்து முடிந்த பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பனி போல நுண்ணிய தெளிப்பு ஆகும், ஓஸில் பீய்ச்சுவது ஆகாது.

தண்ணீர் கட்டுவது

மறுநாள் காலை களிமண்ணாலோ கலவையாலோ இரண்டு அங்குல உயரத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கலக்கும்போது எதை மறுத்தீர்களோ அதை இப்போது தாராளமாகக் கொடுக்க வேண்டும். ஓ.பி.சி. எனப்படும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இன்று வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வருவது பி.பி.சி. (எரிசாம்பல் கலந்த சிமெண்ட்), அதற்கு 10 நாளாவது வேண்டும், 14 நாள் நிறுத்தினால் நிம்மதி. நனைத்துக் காயவிட்டு மறுபடி நனைப்பது, தொடர்ந்து ஈரமாக வைப்பதற்கு ஈடாகாது. மோட்டார் பழுதானால் என்ன செய்வது என்பதை முதலிலேயே யோசித்து, ஒரு டேங்கர்காரரின் எண்ணை வாங்கி வையுங்கள். பீமின் பக்கங்களையும் தூண்களையும் சாக்குச் சுற்றி நனையுங்கள். எல்லோரும் தளத்தைப் பார்ப்பார்கள், தூணை மறந்துவிடுவார்கள்.

பிரிக்கும்போது

ஓ.பி.சி.க்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளிலும், அதற்கு மேல் என்றால் 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. பி.பி.சி. என்றால் இதைவிடக் கூடுதலாக விடச் சொல்லிக் கேளுங்கள். வாடகைத் தகரம் என்று அவசரப்படுத்துவார்கள்.

பிரிக்கும் நாளில் பூச்சுக்காரர் ஏறும் முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பொந்தைச் சிமெண்ட் குழைத்து அப்பி மறைப்பது ஐந்து நிமிட வேலை. தூண் பக்கத்தில் ஊசித் துளை, மொச்சைக் கொட்டை அளவுக் குழி இருந்தால் கவலை வேண்டாம், காற்றுக் குமிழி நின்ற இடம், பூச்சில் அடங்கும். ஜல்லி தனித்தனியாகத் தெரியும் இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கெட்டியான கான்கிரீட் கணீர் என்று ஒலிக்கும், பொந்து டொப்பென்று ஒலிக்கும். டொப்பென்ற இடத்தை எல்லாம் கெட்டியான பகுதி வரும் வரை கொத்தி எடுத்து, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே ஒட்டும் திரவம் தடவி, சுருங்காத கிரவுட்டாலோ பாலிமர் கலந்த கலவையாலோ அடைத்து, அதற்கும் தண்ணீர் கட்ட வேண்டும். உள்ளே கம்பி தெரிந்தால், அல்லது பொந்து பீம்–தூண் மூட்டில் இருந்தால், யாரையும் தொடவிடாமல் பொறியாளர் வரும் வரை அப்படியே வைத்திருங்கள்.

மேலே மாவு உதிர்ந்தால்? லேசாக என்றால் இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, சிலிகேட் வகைக் கடினமாக்கும் திரவத்தைப் பூசலாம். அக்கா வீட்டில் அதைத்தான் செய்தோம். ஒரு மூலையில் மட்டும் தோல் தகடாகப் பெயர்ந்ததால் அங்கே கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்கும் முன்பு நடக்க வேண்டும். பாத்தியைத் திறந்துவிட்டுத் தளம் காயும்போது மாடியில் நில்லுங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் வெடிப்புகளில் மட்டும் ஈரம் கொஞ்ச நேரம் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோடுகளைச் சாக்பீஸால் குறித்து, பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து, கீழே இறங்கி அதே இடத்தில் சீலிங்கில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.